யாருக்கும் வேண்டாத மூணு ஸ்கேல்

கிட்டார் கத்துக்கிடுற எந்த மனுஷனாவது பி-பிளாட்ல போய் ஆரம்பிப்பானா? சும்மா கேக்குறேன். ஊர் உலகத்துல சி இருக்கு, ஜி இருக்கு, கைக்கு அடங்குற ஸ்கேல் எத்தனையோ இருக்கு. எங்க வீட்டு மனுஷன் தேடிப் புடிச்சது பி-பிளாட், ஏ, ஏ-பிளாட். இதுல ஏ-வாவது பரவாயில்லையாம். மத்த ரெண்டையும் கிட்டார் வாசிக்கிறவன் ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்க மாட்டானாம். நிர்மல் சொன்னான். நிர்மல்ங்கிறது எங்க சபையில கீபோர்டு வாசிக்கிறவன், ஐடி வேலை, விவரம் தெரிஞ்சவன்.

ஸ்கேல்னா பெரிய சங்கதி ஒண்ணும் இல்ல. ஒரு பாட்டை எவ்வளவு உயரத்துல எடுக்குறோம், எவ்வளவு பள்ளத்துல எடுக்குறோம்ங்கிறதுதான். எங்க தமிழ்ச் சபையில யாரும் சுருதி கேட்டுப் பாட ஆரம்பிக்கிறதில்ல. பாஸ்டர் பாட்டு நம்பரைச் சொல்லுவாரு. கூட்டத்துல யாராவது ஒரு பொம்பளை வாயத் தொறந்து எடுத்துக்குடுப்பா. அவ எடுத்த உயரத்துல மொத்தச் சபையும் பாடியாகணும். வாத்தியக்காரன்தான் பின்னாலயே ஓடி அவளைப் புடிக்கணும். இருவது வருஷமா அந்தப் பொம்பளை நான்தான்.

பின்னால ஓடுனது என் வீட்டுக்காரர் ஜோஷுவா. பூனாவுக்குப் பக்கத்துல சாகண்ல வண்டி பார்ட்ஸ் செய்யுற ஒரு கம்பெனில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாங்க இருக்குறது நிக்டி. கம்பெனி பஸ் தெரு முக்குல வந்து ஆளை அள்ளிக்கிட்டுப் போகும், சக்கையாப் புழிஞ்சு அதே முக்குல எறக்கி விடும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. எது பகல், எது இருட்டுன்னு இவுக ஒடம்புக்கே மறந்து போச்சு. போதாக்குறைக்கு அங்க வார லீவு வியாழக்கிழமை. ஞாயித்துக்கிழமை ஊரே கோயிலுக்குப் போகும்போது இவுக இரும்புச் சாமானுக்கு அளவு பாத்துக்கிட்டு நிப்பாக. நல்லவேளை, நாங்க கூடுற ஹால்ல காலையில மராத்தி ஆராதனை, எங்களுக்குக் கெடைக்கிறது சாயங்காலம்தான். மத்தியான ஷிப்டுன்னா அந்த ஒரு நாள் மட்டும் யார்கூடயாவது மாத்திக்கிடுவாக. ஷிப்ட் முடிஞ்சு அந்த பூட்ஸோடயே வந்து, பெஞ்சுக்கு அடியில டிபன் டப்பாவைத் தள்ளிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கிட்டு முன்னால போய் உக்காருவாக. பிரசங்கம் ஆரம்பிச்சா தூங்கிருவாக. பாஸ்டரும் பாவம்னு விட்டுருவாரு. பாட்டு நம்பரைச் சொன்னா மட்டும் கண்ணு தானா முழிச்சிக்கிடும்.

கிட்டாரும் யார்கிட்டயும் போய்க் கத்துக்கிட்டதில்ல. கல்யாணத்துக்கு முன்னால சிஞ்ச்வட்ல நாலு பேச்சிலர்ங்க ஒரே ரூம்ல கெடந்தாகளாம். வேலை மாறிப் போன ஒருத்தன் பஸ்ல எடம் இல்லன்னு விட்டுட்டுப் போன கிட்டார் அது. நான் தூத்துக்குடில இருந்து கல்யாணமாகி வந்த மொத ஞாயித்துக்கிழமை, புதுப்பொண்ணுங்கிற கூச்சம்கூட இல்லாம பாட்டெடுத்துட்டேன். அது டி ஸ்கேலாம். எனக்கு என்ன தெரியும்? இவுக அந்த வாரமே உக்காந்து டி-யைக் கத்துக்கிட்டாக. அதோட சரி. டங்கு டங்குன்னு தட்டுற வாசிப்பு இவுகளுக்கு வராது. நான் பாடுற பாட்டையே ஒத்தை ஒத்தைக் கம்பியா, கூடவே வாசிச்சுக்கிட்டு வருவாக. என்னைக்காவது நான் கொஞ்சம் ஏத்தி எடுத்துட்டா, கேப்போன்னு ஒரு கிளிப் இருக்கு, அதைக் கிட்டார் கழுத்துல ஒரு கட்டமோ ரெண்டு கட்டமோ தள்ளி மாட்டிக்கிடுவாக. விரல் அதே விரல், சத்தம் மட்டும் மேல ஏறிக்கிடும். “வேற ஸ்கேலும் ரெண்டு கத்துக்கிட்டா என்ன?”ன்னு நான் கேட்டா, “நீ ஒருத்திதானே பாடுற, இது போதும்”பாக. சோம்பேறித்தனம்னு நெனைச்சேன். அசதின்னு இப்போ தெரியுது.

போன வருஷம் எனக்குக் கழுத்துல தைராய்டு கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. கெட்ட கட்டி இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனா குரல் போச்சு. டாக்டரம்மா மொதல்லயே சொல்லியிருந்தாக, பேச்சு வந்துரும், மேல் குரல் வந்தாலும் வரும், வராட்டாலும் போகும்னு. பேச்சு வந்துச்சு. நான் ஜூனியர் கேஜி டீச்சர். பிள்ளைகளை அதட்ட முடியுது, ரைம்ஸ் பாட முடியல. போன்ல போட்டு விட்டுட்டு கையை மட்டும் ஆட்டிக்கிட்டு நிப்பேன். சாயங்காலம் ஆனா அந்தப் பேச்சுக் குரலும் தேஞ்சு போய், அறுந்த செருப்பை இழுத்துக்கிட்டு நடக்குற மாதிரி வரும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் மொத தடவையா கோயிலுக்குப் போனேன். பாஸ்டர் நம்பர் சொன்னாரு. பழக்கதோஷம், நான்தான் எடுத்தேன், பழைய உயரத்துலயே. பல்லவி எப்படியோ ஒப்பேறிருச்சு. அனுபல்லவி மேல ஏறுற எடத்துல வாய் தொறந்திருக்கு, சத்தம் இல்ல. காத்து. வெறும் காத்து. முன் பெஞ்சுல இருந்து வனஜாக்கா சட்டுன்னு திரும்பிப் பாத்தாக. நான் பூனாவுக்கு வந்த நாள்ல இருந்து எனக்குக் கூடப் பொறக்காத அக்கா அவுக. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல. இவுக கிட்டார் மட்டும் நான் விட்ட எடத்தைத் தாண்டி டி-லயே ஏறிப் போய்க்கிட்டு இருந்துச்சு. சபையும் அது கூடப் போயிருச்சு. நான் அங்கயே நின்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து கிழி கிழின்னு கிழிச்சேன். “நான் முழிக்கிறது தெரியுதுல்ல, கொஞ்சம் எறக்கி வாசிச்சா என்ன? அந்தக் கேப்போவை எதுக்கு வச்சிருக்கீக, வத்தல் பாக்கெட்டுக்கு மாட்டவா?”

இவுக பூட்ஸைக் கழட்டிக்கிட்டே சொன்னாக. “கேப்போ மாட்டினா மேலதான் ஏறும் ஷீலா. கீழ எறங்காது. எறங்குறதுக்கு எனக்குத் தெரியாது.”

“அப்போ விடுங்க. இனிமே எந்தப் பாட்டையும் நான் எடுக்கல. பாடவும் மாட்டேன்”னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டேனே தவிர, பாட்டு போயிட்டா எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க? ஸ்கூல்ல மராத்தி, காய்க்கடையில ஹிந்தி, பொண்ணு ஸ்நேஹா ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினா பாதி இங்கிலீஷ். வாய் நெறையத் தமிழை வச்சுக்கிட்டுத் தலை நிமிந்து நான் நின்னது வாரத்துல அந்தக் கொஞ்ச நேரம்தான். அதுவும் போச்சு. கடைசி பெஞ்சுக்கு மாறிக்கிட்டேன். எல்லாரும் பாடும்போது பாட்டுப் புஸ்தகத்தை வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பாட்டெடுக்க ஆளில்லன்னு நிர்மல் கீபோர்டுல முன்னால வாசிக்க ஆரம்பிச்சான். சபை அதுக்குப் பழகிருச்சு.

இந்த லட்சணத்துலதான் இவுக புதுசா ஸ்கேல் கத்துக்கிடப் போறேன்னு கெளம்புனாக. நிர்மல்கிட்ட யோசனை கேட்டிருக்காக. அவனும் வீடியோ லிங்கெல்லாம் அனுப்பி, “அங்கிள், மொதல்ல ஜி கத்துக்கோங்க. எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் சி, அப்புறம் ஏ மைனர். முக்காவாசிப் பாட்டு ஓடிரும்”னு வழி சொல்லியிருக்கான். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்து இவுக எடுத்தது அந்த மூணு. அதையும் ஒழுங்கா வாசிக்கிறாகளா? சும்மா தட்டுனாலே பேசுற கம்பியைக்கூட சும்மா விடாம, ஒவ்வொண்ணையும் விரலால அமுக்கித்தான் வாசிப்பாகளாம். நிர்மல் சிரிச்சிட்டான். ஆராதனை முடிஞ்சு டீ குடிக்கும்போது எங்கிட்ட வந்து, “ஆன்ட்டி, இதெல்லாம் ஜென்ட்ஸ் பாடுற ஸ்கேல். அங்கிள் யாருக்கு வாசிக்கப் போறாங்க?”ன்னு கேட்டான்.

டீயை அப்படியே கீழ வச்சிட்டேன். ஜென்ட்ஸ் ஸ்கேல். சரி, வெளங்கிருச்சு. பொண்டாட்டி குரல் முடிஞ்ச கதை, இனி எவனாவது ஆம்பளையைப் பாட வச்சு வாசிச்சுக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டாக. இவுக கம்பெனில பாக்குற வேலையே அதுதானே. கேஜ்னு ஒரு அளவுக் கருவி. சாமான் அதுக்குள்ள சரியா நொழைஞ்சா பாஸ். நொழையலன்னா செவப்புத் தொட்டி. தொட்டில விழுந்ததை யாரும் திரும்ப எடுத்து வண்டியில மாட்டுறதில்ல. என்னையும் தூக்கி அதுல போட்டாச்சுன்னு நெனைச்சேன். ஆத்திரம்னா அப்படி ஒரு ஆத்திரம். அழுகைகூட வரல. அழுறதுக்கும் தெம்பு வேணும்ல.

எங்க அடுக்களைக்கு அந்தப் பக்கம், துணி காயப்போடுற டிரை பால்கனில, வாஷிங் மெஷினுக்கும் மாப் பக்கெட்டுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதுதான் இவுக கச்சேரி மேடை. எந்த ஷிப்டா இருந்தாலும் தூங்கி எந்திரிச்ச ஒடனே அங்க போய்க் குந்திருவாக. தலைக்கு மேல ஈரத் துண்டு சொட்டிக்கிட்டு இருக்கும், அதுகூட ஒறைக்காது. கீழ இருந்து மேல ஏறுவாக, மேல இருந்து கீழ எறங்குவாக, கையை ஒரு கட்டம் தள்ளி வச்சு திரும்பவும் ஏறுவாக. பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா, காகூன்னு கூப்பிடுவோம், ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, இன்னும் பாட்டே ஆரம்பிக்கலையான்னு கேப்பாக. “பாட்டெல்லாம் கெடையாது காகூ, எங்க வீட்டுல வெறும் ஏணி மட்டும்தான்”னு நான் ஹிந்தில சொல்லுவேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு, சாம்பார்ல கை வச்சா எரியுதுன்னு ஸ்பூன்ல சாப்பிட்டாக. எங்க வீட்டுல சோத்தை ஸ்பூன்ல சாப்பிட்ட மொத ஆளு.

அதைவிட எரிச்சல் இன்னொண்ணு இருந்துச்சு. நான் அடுக்களையில நின்னுக்கிட்டு ஏதாவது ஏசுவேன். “ஏங்க, பால் பொங்குது, பக்கத்துலதானே இருக்கீக, பாக்கக் கூடாதா?” பதிலுக்கு டொய்ங்னு ஒத்தக் கம்பி ஒண்ணு கேக்கும். “காது செவிடாப் போச்சா?”ம்பேன். திரும்பவும் டொய்ங். “மனுஷி கத்துறது ஒங்களுக்குக் கேலியா இருக்கா?” டொய்ங். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து, கால் ரெண்டும் கெஞ்ச, பேக்கைத் தூக்கி சோபாவுல எறிஞ்சிட்டு ஏசுனாலும் அதே டொய்ங். பதிலுக்கு ஏசுனாலாவது ஒரு சண்டையா முடியும். இது என்ன மாதிரி மனுஷன்னு, அப்புறம் எனக்கே சலிச்சுப் போய் விட்டுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் வனஜாக்கா சிஞ்ச்வட்ல புது பிளாட் வாங்கினாக. வியாழக்கிழமை காலையில வீடு பிரதிஷ்டை. எங்க ஆளுங்க வழக்கப்படி வாசல்ல எல்லாரும் கூடி நின்னு, பாஸ்டர் ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடிக்கிட்டேதான் உள்ள போகணும். அக்கா போன் பண்ணினாக. “ஷீலா, என் வீட்டு வாசல்ல நீதான் பாட்டெடுக்கணும்.”

“அக்கா, குரல் இல்லக்கா. எல்லார் முன்னாலயும் திரும்ப ஒருதடவை என்னால அசிங்கப்பட முடியாது.”

“இருக்குறதை வச்சு எடு. நீ எடுக்கலன்னா நான் வாசலைத் தாண்ட மாட்டேன். லிப்டுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிடுதேன்”னு போனை வச்சிட்டாக. அக்கா சொன்னா சொன்னதுதான், செய்யக்கூடிய ஆளு.

வியாழக்கிழமை விடிஞ்சுது. ஸ்கூலுக்கு லீவு சொல்லியிருந்தேன். இவுக ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து, முகம்கூடக் கழுவாம அந்த ஸ்டூல்ல உக்காந்தாச்சு. அந்த வாசல்ல போய் வாயத் தொறந்தா என்ன வரும்? காத்துதான் வரும். அக்கா வாசல்லயே நிப்பாக. எல்லாரும் என்னையே பாப்பாக. அந்தப் பயமெல்லாம் சேர்ந்து இவுக மேல பாஞ்சுது.

“கெளம்புற நினைப்பு இருக்கா இல்லையா? சட்டையை நானே வந்து மாட்டி விடணுமா?”

டொய்ங்.

தோசைக் கரண்டியோட பால்கனிக்குப் போயி கிட்டார் கழுத்தைப் புடிச்சிட்டேன். “யாருக்கு இந்த ஆம்பளை ஸ்கேலு? சொல்லுங்க இன்னைக்கு. என்னை செவப்புத் தொட்டில போட்டாச்சு, அடுத்து யாரு பாடப் போறா?”

இவுக நிமிந்து பாத்தாக. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

“நீதான்.”

“நானா?”

“காலையில ஏசும்போது நீ பி-பிளாட்ல இருக்க. ஸ்கூல் லீவு அன்னைக்கு மத்தியானம் ஏசுனா ஏ. ஸ்கூல் விட்டு வந்து ஏசும்போது ஏ-பிளாட். மழைக்காலத்துல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன், மாறல. ஒனக்கு மேல்தான் போயிருக்கு, கீழ ஒண்ணும் கெட்டுப் போகல. அங்க இருந்து எடுத்தா அனுபல்லவிக்கும் குரல் எட்டும்.”

“அதுக்கு எதுக்கு மூணு? ஒண்ணு பத்தாதா?”

“பாடப் பாட நீ களைச்சிருவ. மொத சரணத்துல நிக்கிற எடத்துல கடைசிச் சரணத்துல நிக்க மாட்ட. நடுப்பாட்டுல கேப்போவைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்க முடியுமா? எல்லாக் கம்பியையும் அமுக்கியே வாசிச்சா, கையை அப்படியே ஒரு கட்டம் தள்ளிக்கிட்டாப் போதும். நீ எறங்கினா நானும் எறங்கிருவேன்.”

“இதை வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“சொன்னா நீ ஏசுறதை நிறுத்திருவ. அப்புறம் நான் எதை வச்சு ஸ்கேல் பாக்க?”

அந்த எடத்துல நான் உருகிப் போயிருக்கணும். உருகல. கோவம்தான் வந்துச்சு. வீட்டுல பொண்டாட்டி கத்துனதை எல்லாம் கேஜ் வச்சு அளந்திருக்காக! “நல்ல வேலை பாத்தீக”ன்னு சொல்லிட்டு அடுப்புக்கு வந்தா, தோசை கருகிக் கெடக்கு. அதையே ஆளுக்குப் பாதி பிச்சுத் தின்னுட்டுக் கெளம்பினோம். பாடுறேன்னு நான் வாக்கு ஒண்ணும் குடுக்கல.

அக்கா பிளாட் வாசல்ல செருப்பு குவிஞ்சு கெடந்துச்சு. புதுப் பெயிண்ட் வாசனை தொண்டையைக் கமறுச்சு. ஆபீசுக்கு ஏதோ பொய் சொல்லிட்டு வந்த நிர்மல், சின்னக் கீபோர்டை ஷூ ராக் மேல வச்சுக்கிட்டு நின்னான். இவுக செவுத்துல சாஞ்சுக்கிட்டு, கிட்டாரைக் கையில புடிச்சிக்கிட்டு, நின்ன வாக்குலயே தூங்கிருவாகளோன்னு எனக்கு ஒரு பக்கம் பயம். பாஸ்டர் ஜெபத்தை முடிச்சு, பாட்டு நம்பரைச் சொன்னாரு.

ஒருத்தரும் எடுக்கல. லிப்ட் ஒருதடவை வந்து தொறந்து மூடிட்டுப் போச்சு. நிர்மல் கை கீபோர்டு மேல போச்சு. வனஜாக்கா அவனை ஒரு மொறை மொறைச்சாக, கை பின்னால வந்துருச்சு. அக்கா வாசப்படிக்கு இந்தப் பக்கமே நிக்கிறாக. என்னையே பாக்குறாக.

டொய்ங்.

அதே ஒத்தக் கம்பி. அடுக்களையில கேட்ட அதே சத்தம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இத்தனை பேர் நிக்கும்போதுமான்னு ஏசத்தான் வாயத் தொறந்தேன்னு நெனைக்கிறேன். பாட்டு வந்துச்சு.

அழகா வந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கரகரன்னு, யாரோ பக்கத்து ரூம்ல இருந்து பாடுற மாதிரி இருந்துச்சு. ஆனா சத்தம் இருந்துச்சு. அனுபல்லவி வந்ததும் வயித்தைப் புடிச்சிக்கிட்டு ஏறினேன். போன தடவை காத்தாப் போன எடத்துல குரல் நின்னுச்சு. பின்னால இருந்து ஒரு பெரிய சத்தம் வந்து என் கூட சேந்துக்கிடுச்சு, திரும்பிப் பாத்தா எல்லாம் ஆம்பளைங்க. இத்தனை வருஷமா என் உயரத்துக்கு எட்டாம வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு இருந்தாக போல, பாவிங்க. அன்னைக்குத்தான் நெஞ்சைத் தொறந்து பாடுனாக.

ரெண்டாவது சரணத்துல களைச்சுப் போனேன். எனக்கே தெரிஞ்சுது, குரல் தானா கீழ எறங்கிருச்சு. நிர்மல் திடுக்குன்னு கீபோர்டுல எதையோ அமுக்கிப் பாத்தான், சேரல, கையை எடுத்துட்டான். எனக்குப் பக்கத்துல கம்பி மேல விரல் உரசுற சின்ன கீச்சுச் சத்தம் கேட்டுச்சு. இவுக கை ஒரு கட்டம் தள்ளிப் போச்சு. கிட்டார் என் கூடவே இருந்துச்சு. கடைசிச் சரணத்துல இன்னும் எறங்கினேன். திரும்பவும் அந்தக் கீச்சு. வனஜாக்கா முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டே வலது காலை எடுத்து உள்ள வச்சாக.

சாப்பாடு முடிஞ்சு கெளம்பும்போது நல்ல வெயில். ஸ்கூட்டர்ல நான் பின்னால, கிட்டார் என் முதுகுல. தூங்காத கண்ணோட இவுக வண்டி ஓட்டுறாக, அது வேற எனக்குப் பதட்டம். பேச்சுக் குடுத்தாலாவது முழிச்சிருப்பாகன்னு கேட்டேன்.

“ஏங்க, அந்த ஏ-பிளாட்டுக்கும் கீழ நான் எறங்கிட்டா என்ன செய்வீக?”

“அதுக்குக் கீழ ஜி இருக்கு. ஊர்ல எல்லாரும் மொதல்ல கத்துக்கிடுறது. நமக்குத்தான் கடைசியில வருது.”

“அதுக்கும் கீழ போனா?”

“கட்டம் தீருற வரைக்கும் போகலாம். தீந்துட்டா கம்பியைத் தளத்திக்கிடலாம்.”

திடீர்னு ஒரு டெம்போ குறுக்கால வந்துச்சு. “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!”ன்னு ஏசுனேன். ஏச்சுகூட எழும்பல. அவ்வளவு நேரம் பாடிட்டு குரல் அடியில போய்க் கெடந்துச்சு.

ஆகுர்டி பக்கம் சிக்னல்ல வண்டி நின்னுச்சு. ஹேண்டில் மேல இருந்த இடது கை விரல் நாலும் சேர்ந்தாப்ல, கிட்டார்ல தள்ளுற மாதிரியே, லேசா ஒரு கட்டம் தள்ளி உக்காந்ததைப் பாத்தேன்.

“இப்பவே ஜி-க்கு வந்துட்ட, ஷீலா”ன்னாக.

நான் முன்னால சாஞ்சு அவுக முதுகுல தலையை வச்சுக்கிட்டேன்.

“சரி. மொதல்ல வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. அதை நாளைக்குக் கத்துக்கிடலாம்”னு சொன்னேன்.